இடது சீட்டும் இரண்டு லேசரும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவளுக்கு ஸ்டியரிங் கிடையாது. இடது பக்க சீட்டில் உட்கார வேண்டும். காலடியில் ஒரு பிரேக், ஒரு கிளட்ச், அவ்வளவுதான். மீதி வேலையெல்லாம் கண்ணுக்கும் வாய்க்கும். என் வாயைப் பற்றி ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை என்னிடம் ஓட்டக் கற்ற பெண்களைக் கேட்டால் போதும், விடிய விடியச் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது கண்ணைப் பற்றி.

நான் பூந்தமல்லியில் பிறந்து, பூந்தமல்லியிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள். என் கணவர் கார் சீட் கவர் தைத்துப் போடும் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிற ஆண்களில் பாதிப் பேர், "வண்டி வீட்ல சும்மாதான் நிக்குது பாய், வீட்டம்மாவுக்கு ஓட்ட வராது" என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எரிச்சலாகி, நானே கற்று, முறையாக உரிமம் வாங்கி, பெண்களுக்கு மட்டும் சொல்லித்தர ஆரம்பித்தேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் புது அடுக்குமாடிகளில் குடியிருக்கும் வெளியூர்ப் பெண்கள். கல்யாணத்துக்குக் கார் வந்திருக்கும், ஓட்டுகிற தைரியம் வந்திருக்காது. அதைக் கொடுக்கத்தான் நான் இருக்கிறேன்.

முப்பத்துமூன்றாவது வயதில் எனக்கு ஸ்பீட் பிரேக்கர்கள் மேல் கடும் கோபம் வந்தது. ராவோடு ராவாக எவனோ வந்து போட்டுவிட்டுப் போகிறான், வெள்ளைக் கோடு கூட அடிப்பதில்லை என்று தினமும் யாரையாவது திட்டினேன். வண்டி தூக்கிப் போடும்போதுதான் எனக்கு அது இருப்பதே தெரியும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் கூடம் காட்டுப்பாக்கம் வரை நீண்டு கிடந்தது.

அப்போது பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் என்னிடம் கற்றுக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூர்க்காரி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். நான் எத்தனை திட்டினாலும் அழாத முதல் மாணவி என்பதால் அவளை எனக்குப் பிடிக்கும். ஒரு காலை, ஏரியை ஒட்டிய சாலையில் போய்க்கொண்டிருந்தோம். நான் ஒன்றும் சொல்லாமலே திடீரென்று பிரேக்கை அழுத்திவிட்டாள்.

"இன்னாமா, எதுக்கு பிரேக் புடிச்சே? நான் சொன்னேனா?" என்று கத்தினேன்.

"லெஃப்ட்ல பாருங்க்கா" என்றாள்.

தலையைத் திருப்பிக் கீழே பார்த்தேன். சைக்கிள் செயின் கழன்றுபோய், ஒரு பெரியவர் சாலையோரம் குந்தியபடி அதை மாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பம்பருக்கும் அவர் முதுகுக்கும் இடையில் ஒரு கை நீளம் இருக்கலாம். அவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கால் பிரேக் மேல்தான் இருந்தது, ஆனால் அதை அழுத்தச் சொல்லி என் கண் ஒரு தகவலும் அனுப்பவில்லை.

வகுப்பு முடிந்து வண்டியை அணைத்த பிறகு அவள் மெதுவாக ஆரம்பித்தாள். "அக்கா, உங்களுக்கு அவரு தெரியலீங்களா? போன வாரம் ஒரு ஆட்டுக்குட்டி. அதுக்கு முன்னாடி அந்த ஸ்பீட் பிரேக்கர். அதுவும் உங்களுக்குத் தெரியலீங்க."

"நீ பாக்கிறியான்னு உனக்கு டெஸ்ட் வெச்சேன்" என்றேன். பொய்தான். அவளுக்கும் தெரியும்.

"அப்படீன்னா சரிங்க. ஆனா கண்ணை ஒருக்கா காட்டிருங்க" என்று சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

போட்டிருந்த மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்ற நினைப்பில்தான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னென்னவோ சோதனை செய்துவிட்டு, கண் அழுத்தம் அதிகமாக இருக்கிறது, வேறு பிரிவுக்குப் போங்கள் என்றார்கள். அந்தப் பிரிவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் தலை நரைத்திருந்தது. நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டு, நான் எழுந்ததும், "அம்மாவை அனுப்புங்கம்மா, நீங்க இங்கயே இருங்க" என்றார். பேஷண்டே நான்தான் என்று நம்ப வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அங்கே ஒரு பார்வைப் பரப்புச் சோதனை வைத்தார்கள். வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒன்றுக்குள் முகத்தை வைத்து, நடுவில் இருக்கும் ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் எங்கே பொட்டு வெளிச்சம் வந்தாலும் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நான் படபடவென்று அழுத்தித் தள்ளினேன். சோதனை எடுத்த பெண் நிறுத்தச் சொல்லிவிட்டு, "மேடம், லைட் வராதப்பவும் அழுத்துறீங்க" என்றாள்.

"எங்க தொழில்ல வந்தப்புறம் அழுத்தினா ஆள் காலிம்மா" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. வரப்போகிறது என்று ஊகித்து அழுத்தக் கூடாது, பார்த்தால் மட்டும்தான் அழுத்த வேண்டும் என்று சொல்லி, மறுபடியும் முதலிலிருந்து எடுத்தாள். சிறுவன் ஓடி வருவதற்கு முன்னால் பந்தைப் பார்த்தே பிரேக் போடு என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவளுக்கு, ஊகிக்காமல் இருப்பது எத்தனை கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. அந்த இரண்டாவது முறையில் பல நேரம் என் விரல் சும்மா இருந்தது. அறை அமைதியாக இருந்தது. இயந்திரம் மட்டும் எங்கோ வெளிச்சம் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

டாக்டரம்மா அந்தத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். இடது கண்ணின் படத்தில் கீழ்ப்பாதியில் ஒரு கறுப்பு வளைவு. வலது கண்ணிலும் ஒரு ஓரத்தில் ஆரம்பித்திருந்தது.

"இது குளுக்கோமா. இந்தக் கறுப்பு இடத்துல உங்க கண்ணு பாக்கல. ஆனா உங்களுக்குக் கறுப்பாத் தெரியாது. சுத்தி இருக்கிறதை வெச்சு மூளையே ரொப்பிக்கும். ரோடு இருந்தா ரோடாவே ரொப்பிடும். நடுவுல ஆள் இருந்தாலும் ரோடுதான் தெரியும்."

எனக்கு அந்தப் பெரியவரின் முதுகு ஞாபகம் வந்தது.

போனது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "நான் ஓட்டக் கத்துக்குடுக்கிற சீட்டுல உக்காரலாமா, உக்காரக் கூடாதா?"

அதற்குத் தனியாக இரண்டு கண்ணையும் திறந்துவைத்து ஒரு சோதனை எடுத்தார்கள். மயிரிழையில் தேறினேன். "இப்போதைக்கு உக்காரலாம். அழுத்தம் இறங்கற வரைக்கும் காலி ரோட்டுல, நல்லா ஓட்டத் தெரிஞ்ச பொண்ணுங்களோட மட்டும். இதுக்கு மேல கொஞ்சம் போனாலும் நானே நிறுத்தச் சொல்லிடுவேன்" என்றார். எனக்கு அந்த டாக்டரிடம் பிடித்ததே இதுதான். பூசி மெழுகவில்லை.

வீட்டில் சொன்னபோது என் கணவர், "ஓட்டினது போதும்மா, கடையில வந்து உக்காரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு என்னவோ உயிரோடு இருக்கும்போதே என் ஜனாஸாவைத் தூக்க ஆள் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

முதலில் இடது கண்ணுக்கு மட்டும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். அழுத்தம் கொஞ்சம் இறங்கியது. கூடவே இடது கண்ணின் இமை முடி கருகருவென்று வளர ஆரம்பித்தது. அந்த மருந்தின் குணமாம். வலது கண் பழையபடியே இருக்க, இடது கண் மட்டும் சினிமா நடிகை மாதிரி ஆகிவிட்டது. "எந்த மஸ்காரா அக்கா, ஏன் ஒரு பக்கம் மட்டும் போட்டீங்க?" என்று மாணவிகள் கேட்டார்கள். கண்ணே போகிற கவலையில் இருப்பவளிடம் கண்ணழகைப் பற்றிக் கேட்டால் எப்படி இருக்கும்? ஆனால் சிரிப்பும் வந்தது.

அடுத்த முறை டாக்டரம்மா, "இன்னொரு குழந்தை பெத்துக்கற யோசனை இருக்கா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. மாமியார் வீட்டில்தான் இந்தக் கேள்வி என்றால் கண் ஆஸ்பத்திரியிலுமா? "கண்ணுக்கு வந்தவளைக் கேக்கிற கேள்வியா டாக்டர் இது?" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கர்ப்பமாக இருக்கும்போது இந்தச் சொட்டு மருந்துகளில் சிலதைப் போடக் கூடாது, அதனால் இளம் பெண்களிடம் கேட்டே ஆக வேண்டும் என்றார். இருக்கிறது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அப்போதுதான் லேசர் பேச்சு வந்தது.

"வயசானவங்களுக்கு எதைப் பண்ணினாலும் கொஞ்ச வருஷம் தாங்கினா போதும். உங்களுக்கு இன்னும் நாப்பது வருஷம் ஓடணும்" என்றார். முன்பு ஒரு லேசர் இருந்ததாம். கண்ணுக்குள் நீர் வடிகிற சல்லடையைச் சுடுமாம், தழும்பு விழுமாம், அதனால் திரும்பத் திரும்பச் செய்ய முடியாதாம். இப்போது இருப்பது மென்மையானது, தேவைப்பட்டால் பிறகு ஒரு முறை செய்துகொள்ளலாம். "எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். உங்க வயசுல சில பேருக்குச் சரியா வேலை செய்யாது. செஞ்சாலும் சில வருஷத்துல வேகம் குறையலாம். ஆனா உங்களுக்கு முதல்ல இதைத்தான் முயற்சி பண்ணுவேன்." ஓட வேண்டிய தூரம் அதிகமான வண்டியில் எதைக் கழற்றினாலும் யோசித்துக் கழற்ற வேண்டும் என்று நான் புரிந்துகொண்டேன்.

லேசருக்குத் தேதி கேட்க வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தார். அந்தக் கூடத்தில் என் வயதில் இருந்த ஒரே முகம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர்.

"இன்னாக்கா, பேஷண்டா, கூட வந்தியா?"

"பேஷண்ட்தான்."

"நானும்தான். தலைவலி தலைவலின்னு மாத்திரை துன்னுகினே இருந்தேன். லைட்டைப் பாத்தா சுத்தி வானவில் மாதிரி தெரியும். கடசில பாத்தா கண்ணு. ரெண்டு கண்லயும் லேசர்ல ஓட்டை போட்டாங்கோ. டுப் டுப்னு நாலு சூடு, முடிஞ்சுபோச்சு. சொட்டு மருந்துகூட வேணாம்னுட்டாங்கோ. உனக்கு இன்னா லேசரு?"

சொன்னேன். கண் முழுக்கச் சல்லடையைச் சுற்றி நிறைய இடத்தில் சுடுவார்கள், பலன் தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், தெரியாமலும் போகலாம் என்று.

"அய்ய, அத்தினி சுட்டும் கேரண்டி இல்லியா?" என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

எனக்குப் பொறாமை பற்றிக்கொண்டது. நாலு சூட்டில் முடிகிற வைத்தியத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு எனக்கு மட்டும் ஏன் இழுத்தடிக்கிற வைத்தியம்? விடுவிடுவென்று உள்ளே போய், "டாக்டர், எனக்கும் ஓட்டையே போட்டுடுங்க" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பக்கத்து வீட்டுக்காரி மூக்குத்தி நல்லாருந்தா நீங்களும் வாங்கிப் போட்டுக்கலாம். லேசரை அப்படி வாங்க முடியாதும்மா." பிறகு அறையின் மூலையில் இருந்த வாஷ் பேசினைக் காட்டினார். "அவருக்கு ஒரு துணி வந்து பேசின் ஓட்டையை மூடிக்கிற மாதிரி. துணியில ஒரு துளை போட்டா தண்ணி இறங்கும். உங்க பேசின்ல துணியே இல்ல. திறந்துதான் இருக்கு, உள்ள சல்லடை அடைச்சிருக்கு. உங்களுக்குத் துளை போட்டா துளைதான் மிச்சம்."

கிளட்ச் போன வண்டிக்கு பிரேக் மாற்றிய கதை. எழுந்து போய் லேசருக்குத் தேதி வாங்கிக்கொண்டேன்.

லேசர் அன்று என் கணவர் கடையைச் சாத்திவிட்டு வந்தார். மரத்துப்போகச் சொட்டு விட்டார்கள். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, கண் மேல் பிசுபிசுப்பாக ஒரு கண்ணாடியை ஒட்டினார்கள். பச்சை வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்தது. வலி என்று சொல்ல முடியாது, யாரோ உள்ளிருந்து விரலால் சுண்டுகிற மாதிரி. டீ ஆறும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அழுத்தம் ஏறிவிடவில்லை என்று பார்க்க இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வைத்தார்கள். அந்த நேரம் முழுக்க என் கணவர் என் கையை விடவே இல்லை. கடைக்கு வா என்ற பேச்சையும் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. சில நாள் கழித்து வலது கண்ணுக்கும் செய்தார்கள்.

பலன் தெரியாமல் காத்திருந்த அந்த நாட்களில்தான் கோயம்புத்தூர்க்காரியோடு மட்டும் காலையில் வண்டி எடுத்தேன். முதல் நாளே அவள் ஓட்டியபடி பேச ஆரம்பித்தாள். "லெஃப்ட்ல ஒரு பால்காரர் நிக்கறாரு. முன்னாடி பள்ளம். லெஃப்ட்ல கோழி."

"நிறுத்து. நான் இன்னா குருடியா?"

"அய்யோ, அதில்லீங்க்கா. வாயில சொன்னா எனக்கு மறக்காம பழகுமுங்க. நான் எனக்குத்தான் சொல்லிக்கறேன்."

டெஸ்ட் வைத்தேன் என்று நான் சொன்ன பொய்யை அவள் எப்படி மரியாதையாக வாங்கிக்கொண்டாளோ, அதே போல இந்தப் பொய்யை நானும் வாங்கிக்கொண்டேன். அவள் சொல்லச் சொல்ல நான் பதில் சொல்வேன். நானே பார்த்ததாக இருந்தால் "பார்த்தேன்" என்பேன். பார்க்காததாக இருந்தால் "சரிம்மா" என்பேன். என்றைக்கும் நாங்கள் இதைப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. தானாக அப்படி அமைந்தது. முதல் வாரத்தில் எத்தனை "சரிம்மா" வந்தது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். மெதுவாகத் தலையை அடிக்கடி இடது பக்கம் கீழே திருப்பிப் பார்க்கப் பழகினேன். "பார்த்தேன்" கூடியது. இன்று என்னிடம் சேருகிற எந்தப் பெண்ணும் சாலையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். ஏன் என்று கேட்கிறவர்களிடம் மறைப்பதில்லை, என் கண் இப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஒருத்திகூட விட்டுப் போனதில்லை.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, அதே பெஞ்சில் அதே லேத்காரர். முகம் தொங்கியிருந்தது.

"இன்னொரு லேசராம்க்கா. ஓட்டை போட்டும் ஓரத்துல ஒட்டிக்கினேதான் கீதாம். சின்ன வயசுக்காரங்களுக்குச் சில பேருக்கு அப்பிடி ஆவுமாம். சுத்தி சுட்டு அதை இழுத்து வுடணுமாம்." கொஞ்சம் தயங்கி, "உன்து எப்பிடி? உன்துதான் தேவலாம் போல" என்றார்.

நான் அவருடையதற்கு ஆசைப்பட்டு டாக்டரிடம் சண்டை போட்டதைச் சொன்னேன். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்தோம். நரைத்த தலைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

உள்ளே டாக்டரம்மா அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு முறையும் பார்த்தார். இறங்கியிருந்தது. இரண்டு கண்ணிலும். சொட்டு மருந்தை நிறுத்திப் பார்க்கலாம், ஆனால் சொன்ன தேதிக்கு வந்து காட்டாமல் இருந்தால் வீட்டுக்கே வந்து திட்டுவேன் என்றார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லும்போது என் கண் நிறைந்துவிட்டது. அவர் காகிதக் கைக்குட்டையை என் பக்கம் நகர்த்தி, "வாஷ் பேசின் நல்லா வேலை செய்யுது, கண்ணைத் துடைங்க" என்றார். லேத்காரருக்கும் இரண்டாவது லேசருக்குப் பிறகு சரியாகிவிட்டதாக அடுத்த முறை பார்த்தபோது சொன்னார். என் இடது கண்ணின் சினிமா இமை முடி மட்டும் உதிர்ந்து பழையபடி ஆகிவிட்டது. எப்போதாவது கண்ணாடியில் பார்த்து வருத்தப்படுவேன்.

எனக்குத் தெரியும், இது தீர்ந்துபோன கதை இல்லை. சில வருடத்தில் அந்தச் சல்லடை மறுபடி அடைக்கலாம். மறுபடி லேசர் வரலாம், கத்தியும் வரலாம். ஆனாலும் காலையில் அந்த சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போடும்போதெல்லாம் யாருக்காவது நன்றி சொல்லத் தோன்றும். பச்சை வெளிச்சத்துக்கு, பூசி மெழுகாத டாக்டருக்கு, செயினை மாட்டிக்கொண்டு போய்விட்ட, இன்றுவரை ஒன்றும் அறியாத அந்தப் பெரியவருக்கு. எல்லாரையும்விட முதலில், எனக்குத் தெரியாததை என் முகத்துக்கு நேரே சொன்ன அந்தப் பெண்ணுக்கு. அவளிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திட்டுவதற்கு வருகிற வாய் இதற்கு வராது.

அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட் வந்தது. டெஸ்டில் இடது சீட்டு இன்ஸ்பெக்டருக்கு. நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். என் காலடியில் பிரேக் இல்லாமல் அவள் ஓட்டி நான் போவது அதுதான் முதல் தடவை. வண்டி கிளம்பியது. அவள் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டாள். "முன்னாடி ஆட்டோ. ரைட்ல ஒரு அம்மா கிராஸ் பண்றாங்க."

"பார்த்தேன்" என்றேன் பின்னாலிருந்து, என்னை அறியாமல்.

இன்ஸ்பெக்டர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. "லெஃப்ட்ல ஒரு நாய் படுத்திருக்கு."

"போதும்மா" என்றார் அவர். "எனக்கு நல்லாவே கண்ணு தெரியுது."

அவள் சாலையிலிருந்து பார்வையை எடுக்காமல், வேகத்தைக் குறைத்து, அந்த இடத்தைச் சுற்றி நிதானமாக வண்டியை எடுத்தாள்.

"உங்களுக்கு இல்லீங்க சார்" என்றாள்.

நான் தலையைத் திருப்பித் தேடினேன். வெறும் சாலைதான் தெரிந்தது.

"சரிம்மா" என்றேன்.